வாதம் யாருக்காக?

சங்கக் கூட்டம் என்றால் அரசியல் பேச்சு. அரசியல் பேச்சு என்றால் சண்டை. "மாற்றுக் கட்சிக்காரரோடு பேசி என்ன கண்டோம்? இனி சங்கத்தில் அரசியலே வேண்டாம்" என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். ஆறு நாள் உழைத்தவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வாய்ச்சண்டையா என்ற சலிப்பு நமக்கும் உண்டு. ஆயினும் இந்த யோசனையை நாம் ஏற்பதற்கில்லை.

1953-இல் சென்னை மாநில முதலமைச்சராக இருந்த இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். அது குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் ஊர் ஊராக எதிர்த்துப் பேசினார்கள். இராஜாஜி மனம் மாறினாரா? இல்லை. ஆனால் அவருடைய காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954-இல் அவர் பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் ஒழிந்தது.

எதிராளி அசையாவிட்டாலும் அவர் அருகில் நிற்பவர் அசைவார் என்பதே இதில் நாம் கற்கும் பாடம். அவ்வளவு வாதாடிய பெரியார், 1972-இல் இராஜாஜி மறைந்தபோது சுடுகாட்டுக்கே சென்று கண்ணீர் விட்டார். கருத்தை எதிர்த்தார், மனிதரை இழக்கவில்லை.

மும்பையில் வாழும் நமக்கு இது பழங்கதை அல்ல. தென்னிந்தியர் வேலையைப் பறிக்கிறார்கள் என்று 1966-இல் தோன்றிய சிவசேனை முழங்கியது. அதே பேச்சு இன்று டீக்கடையில் காதில் விழுந்தால், நாம் தலைகுனிந்து நகர்ந்துவிடுகிறோம். பேசியவரை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் பக்கத்தில் நின்று கேட்கும் மராத்தித் தொழிலாளிக்கு நம் நியாயத்தை யார் சொல்வது? தாராவித் தோல் பட்டறைகளில் நாற்றத்தைச் சகித்து உழைத்தவர்களில் திருநெல்வேலிக் குடும்பங்கள் எத்தனை என்பதை, அவர் மொழியிலேயே, நாம்தானே சொல்ல வேண்டும்?

கை ஓங்குகிறவரோடு வாதம் வேண்டாம், விலகிவிடுவோம். மற்றவரோடு பேசுவோம். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடக் கூடாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது. எவர் வீட்டுப் பெண்களையும் பேச்சில் இழுக்கக் கூடாது. இந்த மூன்றையும் சங்கம் விதியாக்கட்டும். வாயைப் பூட்ட வேண்டாம்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் நம் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளை வாக்களிக்கப் போகிறவர்கள் அவர்கள். நாம் வாதாடுவது அவர்களுக்காகவும்தான்.