செங்கல் சுவரும் திராவகமும்

பூச்சுப் பூசாத செங்கல் சுவர்களின் மீது நம் நாட்டில் ஒரு மோகம் பிறந்திருக்கிறது. இதற்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் லாரி பேக்கர். இங்கிலாந்திலே பிறந்த இந்தக் கட்டடக் கலைஞர் பம்பாயில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். பக்கத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்ற மகாத்மாவின் வார்த்தையை மனத்தில் வாங்கிக்கொண்டு, திருவனந்தபுரத்திலும் பிற ஊர்களிலும் எளிய செங்கல் கட்டடங்களை எழுப்பினார். பிற்காலத்தில் இந்தியப் பிரஜையாகவும் ஆனார்.

ஆனால் பூச்சில்லாத சுவரிடம் ஒரு சங்கடம் உண்டு. அது தன் குறைகளை மறைத்துக்கொள்ளாது. கட்டும்போது வழிந்த சிமெண்டுக் கலவை அப்படியே கறையாக நிற்கும். மழைக்காலம் கழிந்ததும் வெள்ளை வெளேரென்று உப்புப் பூக்கும். வீட்டுக்காரர் முகம் சுளிப்பதைக் கண்ட மேஸ்திரி, "ஆஸிட் போட்டுக் கழுவிவிட்டால் சரியாய்ப் போச்சு, ஸார்!" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்.

அந்த ஆஸிட்டை வாங்கப் போகிறவர் இப்போது பெயரையும் விலாசத்தையும் கொடுக்க வேண்டும். ஸர்க்கார் அளித்த, படத்துடன் கூடிய அடையாளச் சீட்டைக் காட்ட வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்றும் சொல்ல வேண்டும். கடைக்காரர் இவற்றையும் விற்ற அளவையும் ஒரு புத்தகத்தில் பதிய வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. கையிருப்பை மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தெரிவிக்காமல் வைத்திருந்தால் சரக்குப் பறிமுதலாவதுடன் ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "சுவர் கழுவுவதற்கு இத்தனை கெடுபிடியா?" என்று நேயர்களில் சிலர் அலுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கெடுபிடி வந்த கதையைக் கேட்டால் அலுப்பு நீங்கும். டில்லியில் 2005-ஆம் வருஷம் லக்ஷ்மி என்னும் சிறுமியின் முகத்தில் திராவகம் வீசப்பட்டது. அவள் மூலையில் முடங்கிவிடவில்லை. மறு வருஷமே சுப்ரீம் கோர்ட்டின் படியேறினாள். காரைக்காலில் 2012-ல் ஓர் இளம் பெண் என்ஜினீயர் அதே கொடுமைக்கு ஆளாகி, அடுத்த வருஷம் உயிர் நீத்தாள். லக்ஷ்மியின் வழக்கில் 2013 ஜூலை 18-ல் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவே மேலே சொன்ன நிபந்தனைகளுக்கு மூலம். வெள்ளைக்கார ஸர்க்கார் 1919-ல் இயற்றிய விஷச் சட்டம் ஒன்று உண்டு. மாகாண ஸர்க்கார்கள் அதன் கீழேயே விதிகளைச் செய்ய நேர்ந்தது. தூங்கிக் கிடந்த சட்டத்தைத் தட்டி எழுப்ப ஒரு பெண்ணின் முகம் பலியாக வேண்டியிருந்தது!

உத்தரவு பல ஊர்களில் ஏட்டோடு நின்றுவிட்டது என்பதும் உண்மைதான். சைக்கிளில் கூவி வருகிறவரிடம் ஒன்றும் சொல்லாமலே ஒரு பாட்டில் வாங்கிவிடலாம். யோக்கியர்கள் அப்படி வாங்கும் வரையில் அயோக்கியனுக்கும் அந்த வழி திறந்தே இருக்கும். புத்தகம் வைத்திருக்கும் கடையில்தான் வாங்குவது என்று குடும்பஸ்தர்கள் தீர்மானித்தால் புத்தகம் இல்லாத கடைகள் தாமாகக் குறையும்.

அதற்கு முன், வாங்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். உப்புப் பூத்ததற்கு ஆஸிட் வேண்டியதில்லை. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு உலர்ந்த பிரஷ்ஷினால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி எடுத்துவிட்டால் போதும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் செங்கல்லுக்குள் போய்விடும். மேலும் மேலும் பூத்தால் எங்கிருந்தோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதை அடைக்க வேண்டும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளில் ஆஸிட்டைத் தொடவே கூடாது. அது காரையைத் தின்றுவிடும். சலவைக்கல் தரைக்கும் அதே கதிதான்.

கெட்டிப்பட்ட சிமெண்டுக் கறைக்கு மட்டும், மரச் சீவலால் சுரண்டிய பிறகும் போகாவிட்டால், உப்புத் திராவகம் உதவும். பிளாஸ்டிக் வாளியில் பத்துப் பங்கு தண்ணீர் எடுத்துக்கொண்டு அதில் ஒரு பங்கு திராவகத்தை மெதுவாக விட வேண்டும். திராவகத்தில் தண்ணீரை விடக் கூடாது. சுவரை முன்னதாகவே நன்றாக நனைத்து, ஒரு மூலையில் பரீக்ஷித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சில நிமிஷங்களுக்குப் பின் ஏராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் கிட்டே வரலாகாது. இரண்டும் கலந்தால் விஷ வாயு கிளம்பும்.

இந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் வெறுங்கையும் வெறுங்காலுமாக ஒரு சித்தாள். ரப்பர் கையுறைக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவை மேஸ்திரி தலையில் கட்டாமல் வீட்டுக்காரரே ஏற்றுக்கொள்வது நியாயம். மேலே பட்டுவிட்டால் பட்ட துணியை அகற்றி, இருபது நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யாராவது விழுங்கிவிட்டாலோ, வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது.

மிச்சத்தைப் பழைய கலர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தாகமெடுத்த குழந்தைக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். வாங்கிய பாட்டிலிலேயே, சீட்டுக் கிழியாமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அடுத்த தடவை தேவைக்கு மேல் ஒரு பாட்டில்கூட வாங்காதீர்கள்.