நிலத்துக்கும் தீட்டு உண்டு

எங்கப்பா தாராவியில் தோல் கிடங்கில் வேலை செய்தவர். திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறி வந்து, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்று தோலைப் புரட்டியவர். கால் விரலிடுக்கில் வந்த புண் சாகிற வரைக்கும் அவருக்கு ஆறவில்லை. அந்தத் தொட்டித் தண்ணி எங்கே போச்சு? நாங்கள் பாய் விரித்துப் படுத்த மண்ணுக்குள்தான் போச்சு. அந்த மண்ணைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை. 'தாராவியா? மூக்கைப் பொத்திக்கோ' என்பதோடு பம்பாய் தன் கவலையை முடித்துக்கொண்டது.

இன்றைக்கு அதே மண் தங்கம். மித்தி ஆற்றுக்கு அந்தக் கரையில் பாந்த்ரா-குர்லா வளாகம் வந்துவிட்டது. வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் அங்கே கண்ணாடிக் கட்டிடங்களில் குடியேறிவிட்டன. கோலி மீனவர் கிராமத்தை ஒட்டிக் கிடந்த சதுப்பைக் குப்பையும் கட்டிட இடிபாடும் போட்டுத் தூர்த்து நிலமாக்கியவர்கள் அங்கே குடியேறிய சனங்கள்தான். நிலம் இல்லாத இடத்தில் நிலத்தை உண்டாக்கினோம். உண்டாக்கிய பிறகு பட்டா கேட்டால், 'நீ ஆக்கிரமிப்பாளன்' என்கிறார்கள்.

சுமார் 600 ஏக்கர் தாராவியை மறுசீரமைக்கும் ஏலத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் கேட்டு அதானி குழுமம் எடுத்தது. வீடு, கடை, அலுவலகம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் கலப்புப் பயன்பாட்டு நகரம் வரப்போகிறதாம். கலப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருது. கீழே பட்டறை, மேலே வீடு, வாசலில் கடை என்று நாங்கள் இத்தனை வருசமாக வாழ்ந்தது என்ன? இவர்கள் திட்டத்தில் வீடும் கடையும் கலக்கும். ஊரும் சேரியும் மட்டும் கலக்காது.

எப்படிக் கலக்காது என்பதற்குத் தேதி வைத்திருக்கிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததாகக் காகிதம் காட்டினால், தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்கு, தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பிறகு 2022 நவம்பர் 15க்குள் வந்தவர்கள், மேல்மாடியில் குடியிருப்பவர்கள் எல்லோரும் வெளியே போய் வாடகை கொடுத்துத் தவணையில் வீட்டை அடைக்க வேண்டும். நான் இதைத் தகுதி என்று படிக்கவில்லை. வரப்பு என்று படிக்கிறேன். ஊர் எல்லையில் அந்தக் காலத்தில் கல் நட்டு வைத்தார்கள். இப்போது தேதியை நட்டு வைக்கிறார்கள்.

சரி, வெளியே என்றால் எங்கே? உப்பளங்களைச் சொன்னார்கள். 2024இல் தேவனார் குப்பைமேட்டில் 124 ஏக்கரை ஒதுக்கினார்கள். தேவனார் எதுவென்று தெரியாத தோழர்களுக்குச் சொல்கிறேன். 1927இலிருந்து பம்பாய் தன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம். பாந்த்ராவில் இருந்த மாட்டுத்தொட்டியை 1971இல் நகரம் தூக்கிக்கொண்டு போய் வைத்ததும் தேவனாரில்தான். 2016 ஜனவரி கடைசியில் அந்தக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது நாள்கணக்கில் புகை. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அங்கே குவிந்து கிடக்கும் 185 லட்சம் டன் குப்பையை அள்ளுவதற்கு மாநகராட்சி 2025இல்தான் டெண்டர் விட்டது. ஆக, குப்பை அங்கேயே கிடக்கும்போதே, அங்கே யார் குடியிருக்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

குப்பைமேடு வெறும் நாத்தம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மக்கும் குப்பை உள்ளுக்குள் காற்றில்லாமல் நொதித்து மீத்தேன் வாயுவைக் கக்கும். தீப்பிடிப்பதற்கு அதுவே காரணமாகும். மழைத்தண்ணி குப்பைக்குள் இறங்கி, கன உலோகங்களைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் சேரும். மேலே பாரம் ஏற்றினால் தரை அமுங்கும். இதெல்லாம் அரசுக்குத் தெரியாததா? மூடிய குப்பைமேட்டைப் பதினைந்து வருசம் கண்காணித்து, வாயுவும் கசிவு நீரும் அளவுக்குள் இருப்பதாக உறுதி செய்த பிறகுதான் குடியிருப்பு பற்றி யோசிக்கலாம் என்று 2000ஆம் ஆண்டு விதியும் சொன்னது, 2016ஆம் ஆண்டு விதியும் சொன்னது. 'குப்பையை முழுக்க அள்ளிவிட்டால் அது குப்பைமேடே இல்லையே' என்று பதில் சொல்வார்கள். அள்ளுங்கள். ஆனால் குப்பையை அள்ளினால் மண்ணுக்குள் இறங்கியதும் கூடவே போய்விடுமா? சோதித்து, முடிவை எங்கள் மொழியில் சுவரில் ஒட்டுங்கள். பிறகு பேசுவோம்.

எங்களுக்குச் சந்தேகப்பட உரிமை உண்டு. அருகிலேயே மாஹுல் இருக்கிறது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளின் வாசலில் 17,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அந்தக் காற்று உடம்புக்கு ஆபத்து என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் சொன்னது. அதற்குப் பிறகுதான் தான்சா குடிநீர்க் குழாய் ஓரத்துக் குடிசைகளை இடித்து, சனங்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளினார்கள். இருமலும் தோல் வியாதியும் வந்து அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். கட்டாயப்படுத்தி அங்கே அனுப்பக் கூடாது என்று 2019இல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. அடுக்குமாடி கொடுத்தார்கள், லிப்ட் கொடுத்தார்கள். மூச்சு விடக் காற்று கொடுக்கவில்லை.

வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் ஒரு நியாயம் சொன்னது: மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பது மட்டும் போதாது, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் மீட்டுக் கொடுப்பதும் அவன் பொறுப்பு. நல்ல நியாயம். தாராவியில் அதைத் தலைகீழாக்குகிறார்கள். தோல் விற்ற முதலாளி காசை எடுத்துக்கொண்டு போய்விட்டான். குப்பை போட்ட நகரம் கையைக் கழுவிவிட்டது. விஷத்தில் கிடந்தவன்தான் விலை கொடுக்கிறான். நிலம் அழுக்காக இருந்தவரை அது எங்களுடையது. நிலம் சுத்தமாகப் போகிறது என்றதும் நாங்கள் அழுக்காகிவிட்டோம். தீட்டு என்பது இதைத் தவிர வேறென்ன?

'அப்போ குடிசையிலேயே கிடக்கச் சொல்றியா?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. இல்லை ஐயா. வரிசையில் நின்று கக்கூஸ் போன அவமானம் எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கல்வீடு வேண்டும், குழாய்த் தண்ணி வேண்டும், அது நாங்கள் உண்டாக்கிய நிலத்திலேயே வேண்டும். மேல்மாடிக்காரனுக்கும் நேற்று வந்தவனுக்கும் சேர்த்தே வேண்டும். தாராவி தலித்தும் தேவனார் குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கும் முஸ்லிமும் ஒருவர் இடத்துக்கு ஒருவர் போட்டி என்று மோதவிடுவார்கள். அந்தக் கண்ணியில் விழுந்துவிடக் கூடாது.

சென்னைத் தோழர்களே, இது பம்பாய்க் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரியில் ஏற்றப்பட்டவர்கள் யார்? கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் குப்பையைத் தோண்டி ஏக்கர் ஏக்கராக நிலம் மீட்கிறார்கள். அந்தப் புகையை இத்தனை காலம் குடித்தவர்களுக்கு மீட்ட நிலத்தில் என்ன பங்கு என்று யாராவது கேட்டோமா?

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஊரில் எந்த மக்களுக்கு எங்கே குடியிருப்பு கட்டினாலும், தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு கேள்வி போடுங்கள். அந்த மண்ணைச் சோதித்த அறிக்கை எங்கே? அந்த மக்கள் காலி செய்த நிலம் இப்போது யார் கையில்? இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சேரி எங்கே முடிகிறது, ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்று அதில் தெரியும்.