காற்றையும் நீரையும் படிக்கட்டும் நம் குழந்தைகள்!

ஆண்டுதோறும் ஜூன் 5-ம் தேதி உலகச் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடப்படுகிறது. பள்ளிக்கூடங்களில் மரக்கன்று நடுகிறார்கள். பிரமுகர் ஒருவர் வந்து தண்ணீர் ஊற்றுகிறார். போட்டோ எடுக்கிறார்கள். பிள்ளைகள் உறுதிமொழி சொல்கிறார்கள். அடுத்த வாரம் கன்றை ஆடு மேய்ந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு அதே குழியில் இன்னொரு கன்று!

மரம் நடுவதை நாம் கேலி செய்யவில்லை. நடட்டும், நட்டதைக் காக்கவும் செய்யட்டும். ஆனால் நாம் கேட்பது இதுதான்: கும்மிடிப்பூண்டியில் ஆலைப் புகைக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு, அந்தப் புகையில் என்ன இருக்கிறது என்று எந்தப் பாடம் சொல்லித் தருகிறது? மீஞ்சூர்ப் பக்கம் உப்புக் கரிக்கும் கிணற்று நீரைக் குடிக்கும் பிள்ளைக்கு, அது ஏன் உப்பானது என்று யார் சொல்வது?

சட்டத்தில் குறைவில்லை. சுற்றுப்புறத்தைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் எழுதிச் சேர்த்தார்கள். எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2003-ல் மறுபடியும் வலியுறுத்தியது. 2001-ல் தேசிய பசுமைப் படை என்ற பெயரில் பள்ளிகளில் மன்றங்கள் தொடங்கப்பட்டன. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. பாடத்திலே இமயமலை இருக்கிறது, அமேசான் காடு இருக்கிறது. நம் ஊர் ஏரி எங்கே? நம் ஊர் ஆலை எங்கே?

திருநின்றவூர் ஏரியையே எடுத்துக்கொள்வோம். இந்த ஊர் பூசலார் மனத்திலேயே கோயில் கட்டியதாகப் பெரிய புராணம் சொல்கிறது. கோயிலை மனத்தில் கட்டலாம். ஏரியைக் கட்ட முடியுமா? வரத்துக் கால்வாய் வேண்டும், கரை வேண்டும், மதகு வேண்டும், கலங்கல் வேண்டும். கால்வாய் தூர்ந்தால் ஏரிக்குத் தண்ணீர் வராது. போக்கு அடைபட்டால் வந்த தண்ணீர் வீட்டுக்குள் புகும். வயல் மனையாக விற்கப்பட்டபோது லாபம் பார்த்தவர் வேறு. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் வேறு. மலிவாக மனை கிடைத்ததென்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொடுத்த ஆலைத் தொழிலாளி, அந்த மனை ஏரியின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்தா வாங்கினார்? ஏரி எப்படி வேலை செய்கிறது என்று பள்ளியில் படித்திருந்தால் விற்றவனை நாலு கேள்வி கேட்டிருப்பார்.

இதைச் சொல்லித் தர வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். மதகைத் திறந்து மூடிய நீர்க்கட்டிகளின் அறிவு இன்னும் கிராமங்களில் இருக்கிறது. நாற்று நட்ட விவசாயத் தொழிலாளப் பெண்களுக்கு எந்த வயலுக்கு எந்த வாய்க்கால் என்று தெரியும். அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொல்லட்டும். பிள்ளைகள் ஏரிக்கரையில் நடந்து வரைபடம் போடட்டும்.

மீஞ்சூர் கதையும் இப்படித்தான். கொசஸ்தலையாறு, ஆரணியாற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்கிணறுகள் போட்டு, 1960-களின் கடைசியிலிருந்து சென்னைக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். நிலத்தடியில் நன்னீர் இறங்க இறங்க, கடல்நீர் உள்ளே ஏறியது. கிணறு உப்பானது. சாகுபடி குறைந்தது. சாகுபடி குறைந்தால் கூலி வேலை ஏது? நிலம் வைத்திருந்தவர் விற்றுவிட்டுப் போகலாம். கையை மட்டும் வைத்திருப்பவர் எங்கே போவார்? சுற்றுச்சூழல் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கும் தோழர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அது நம் கூலிப் பிரச்னை. நம் குடிநீர்ப் பிரச்னை.

அறியாமைக்குக் கொடுத்த விலையை இந்த நாடு மறக்கலாகாது. 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஈரத் துணியால் முகத்தை மூடுங்கள் என்ற ஒரு வார்த்தை பலரைக் காப்பாற்றியிருக்கும். அதைச் சொல்ல ஆளில்லை. ஆபத்து வருகிறது என்று 1982-லேயே அங்குள்ள தொழிலாளர்கள் சுவரொட்டி ஒட்டி எச்சரித்தார்கள். கேட்பாரில்லை. ஆலையின் பாதுகாப்புக் கையேடுகளோ ஆங்கிலத்தில்!

நம் மாநிலத்தில் கொடைக்கானலில் நடந்தது என்ன? தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசத்தோடு வேலை செய்த தொழிலாளிகள், அது உடலை என்ன செய்யும் என்று சரிவர எச்சரிக்கப்படாமலே உழைத்தார்கள். 2001-ல் ஆலை மூடப்பட்டது. 591 பேருக்கு ஒப்பந்தப்படி நஷ்டஈடு கிடைக்க 2016 வரை போராட வேண்டியிருந்தது.

எண்ணூரில் 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் பரவி மீனவரின் வலையையும் படகையும் பாழாக்கியது. அதே மாதம் 26-ம் தேதி இரவு உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமோனியா நீரில் கரையும். ஈரத்துணி பிடிக்க வேண்டும். காற்றின் திசை பார்த்து, அதற்குக் குறுக்காக விலக வேண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் புரியாதா? வீட்டில் வந்து தாய்க்கும் சொல்லாதா?

சொல்ல வேண்டிய பொறுப்பு சட்டத்திலும் இருந்திருக்கிறது. ஆபத்தான ரசாயனங்கள் பற்றிய 1989-ம் ஆண்டு விதிகள், விபத்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுப்புற மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் ஆலைக்காரர் தெரிவிக்க வேண்டுமென்று கூறின. எத்தனை ஊர்களில் தெரிவித்தார்கள்? 2020-ல் மத்திய சர்க்கார் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளியிட்டது. எல்லா மொழிகளிலும் தர வேண்டுமென்று டில்லி ஹைகோர்ட் சொல்ல வேண்டி வந்தது. தெரியாமல் வைத்திருப்பதில் யாருக்கோ ஆதாயம் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

1977-ல் அன்றைய சோவியத் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் கூடிய உலக மாநாடு, சுற்றுச்சூழல் கல்வி எல்லா வயதினருக்கும் உரியது, அது பள்ளிக்கு வெளியேயும் நடக்க வேண்டும், அறிவோடு நில்லாமல் பிரச்னையைத் தீர்ப்பதில் பங்கெடுக்கும் வரை செல்ல வேண்டும் என்று வகுத்தது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் இதைச் செய்து காட்டியது. அமைதிப் பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தை ஊர் ஊராக மக்களிடம் விளக்கியது. திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் அக்காடு தேசியப் பூங்காவாயிற்று. அறிவு மக்களைப் பற்றிக்கொண்டால் அதன் பலம் அது.

ஆலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆலை நமக்குச் சோறு. விஷத்தைத் தடுக்கும் கருவிக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடிப்பதைத்தான் எதிர்க்கிறோம். "கேள்வி கேட்டால் ஆலை மூடிவிடும்" என்று பயமுறுத்துகிறவர்களுக்கு நம் பதில்: பிள்ளையின் நுரையீரலை அடகு வைத்து வாங்கும் கூலி கூலியாகாது.

ஆகவே நாம் கோருகிறோம்:

1. ஒவ்வொரு பள்ளியிலும் அந்த ஊர் ஏரி, கால்வாய், கிணறு, ஆலை பற்றிய உள்ளூர்ப் பாடம் வேண்டும். அதற்கு ஆசிரியர்களுக்கு நேரமும் பயிற்சியும் தர வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும்.

2. பள்ளிக் குடிநீரைப் பரிசோதித்து முடிவைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். கிராமத்துக்கு 5 பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தருவது ஜல் ஜீவன் திட்டத்தில் உண்டு. அந்தப் பெண்கள் மாணவர்களுக்கும் கற்றுத் தரட்டும்.

3. கும்மிடிப்பூண்டி, மணலி, எண்ணூர் வட்டாரப் பள்ளிகளில் விபத்து ஒத்திகை நடத்த வேண்டும்.

4. ஆலை வாசலில், உள்ளே உள்ள ஆபத்தான பொருள்களின் பட்டியலைத் தமிழில் வைக்க வேண்டும். வடக்கிலிருந்து வந்துள்ள தொழிலாளிகளுக்கு அவர்கள் மொழியிலும் வேண்டும். ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்கு வரும் குடும்பத்துப் பிள்ளைகளையும் விட்டுவிடலாகாது.

சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மே தினத்தன்றே கிராம சபை கூடுகிறது. நகராட்சியில் பகுதி சபை இருக்கிறது. அங்கே எழுந்து கேளுங்கள். தொழிற்சங்கத் தோழர்கள் தங்கள் ஆலையில் கையாளும் பொருளின் பெயரை அறிந்து, அதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தெருவில் பேசுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நம் அப்பன் பாட்டனுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. கைநாட்டு வைத்து நிலம் இழந்தார்கள். இன்று பிள்ளை எழுதப் படிக்கக் கற்றுவிட்டது. காற்றையும் நீரையும் படிக்கத் தெரியாத பிள்ளையும் ஒருவகையில் கைநாட்டுதான். அந்த நிலைக்கு நம் பிள்ளைகளை விடக்கூடாது. இந்தப் பள்ளி ஆண்டிலேயே தொடங்குவோம்!