பட்டியலைத் திரட்டுமுன் கேட்கவேண்டிய கேள்வி

நியூஜேர்சி மாநிலத்தின் பிளெய்ன்ஸ்பரோ, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் அமைந்த ஒரு சிறு நகராகும். தமிழர் உட்பட இந்தியத் துணைக்கண்டத்து மக்கள் கணிசமாக வாழும் இந்நகரில் கணனித்துறையை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அவ்வீட்டுப் பிள்ளைகள் 'ஹேக்கத்தான்' எனப்படும் நிரலாக்கப் போட்டிகளை நாடிச் செல்வதில் வியப்பேதுமில்லை. ஒரு வார இறுதியில், உறக்கத்தைத் துறந்து, குழுவாக அமர்ந்து ஒரு செயலியை ஆக்கி முடிப்பதே இப்போட்டியாகும். 2009 இல் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மாணவர்கள் 'பென்ஆப்ஸ்' என்ற போட்டியைத் தொடக்கினர். பிரின்ஸ்டன் மாணவர்களும் 'ஹேக்பிரின்ஸ்டன்' என்ற பெயரில் இத்தகைய போட்டியொன்றை நடத்தி வருகின்றனர்.

இப்போட்டிகளில் சமூகத்திற்குப் பயன்படும் இணையச் செயலிகளை ஆக்க எமது இளையோர் முன்வருவது போற்றுதற்குரியது. இதற்கு எமது மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களை அழித்தபோது, அங்குள்ள கணனித்துறைத் தொண்டர்கள் சில வாரங்களுக்குள் 'சஹானா' என்ற செயலியை உருவாக்கினர். காணாமற் போனோர், முகாம்களில் தங்கியோர், தொண்டு நிறுவனங்கள் பணியாற்றும் இடங்கள் ஆகிய விபரங்களை அது ஒழுங்குபடுத்தியது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010 இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் அதே செயலி பயன்பட்டது. 2018 ஓகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மீட்புக் கோரிக்கைகளைத் திரட்டும் இணையத்தளத்தை மாணவர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் விரைந்து ஆக்கினர். மாநில அரசின் தகவல் தொழில்நுட்ப அமைப்பு அவர்களுக்குத் துணைநின்றது.

இவ்விரண்டிலும் பொதுவான ஓர் உண்மை உண்டு. ஆக்கியவர்கள் களைத்துப்போன பின்னரும் அப்பணியைத் தாங்குவதற்கு ஆட்கள் இருந்தனர். சஹானாவின் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தக்கூடியதாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் அதனைப் பராமரிப்பதற்கென்றே ஓர் அறக்கட்டளையும் எழுந்தது. போட்டி மேடையில் பரிசு பெறும் செயலிகள் பலவற்றுக்கு இந்த வாய்ப்பு இல்லை. மாணவர் தேர்வுக்குத் திரும்புவர். பின்பு வேறு ஊர்களுக்குப் படிக்கச் செல்வர். செயலி கேட்பாரற்றுக் கிடக்கும். அதில் பதிந்த மக்களின் பெயர்களும் அங்கேயே கிடக்கும்.

பெயர்ப்பட்டியல் என்பது என்ன என்பதை எமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. வாக்காளர் இடாப்பு, குடிமக்கள் வாக்களிப்பதற்கென ஆக்கப்பட்ட ஏடு. 1983 யூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் அதனைக் கையில் ஏந்தியே தமிழர் வீடுகளை இனங்கண்டன. ஏடு மாறவில்லை, அதனை ஏந்திய கை மாறியது. இது பழங்கதையுமன்று. வங்கதேசத்தில் ஐ.நா. அகதிகள் அமைப்பு திரட்டிய ரோகிங்கியா மக்களின் விபரங்கள், அவர்கள் எந்த அரசுக்கு அஞ்சி ஓடிவந்தார்களோ அந்த மியன்மார் அரசுக்கே வங்கதேசத்தினூடாகச் சென்றடைந்தன என 2021 இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் குற்றஞ்சாட்டியது. உரிய ஒப்புதல் பெற்றதாக ஐ.நா. அமைப்பு மறுமொழி கூறியது.

பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்புவோம். 2012 முதல் பிரின்ஸ்டன் வைத்தியசாலை இந்நகரில்தான் இயங்குகின்றது. வாகனம் ஓட்டத் தெரியாத தாத்தா பாட்டிமாரை அங்கு அழைத்துச் செல்லவும், மருத்துவர் சொல்வதைத் தமிழில் எடுத்துரைக்கவும் தொண்டர்களை இணைக்கும் ஒரு செயலியை மாணவர் குழுவொன்று ஆக்குவதாக வைத்துக்கொள்வோம். நல்ல எண்ணம், உண்மையான தேவை. ஆனால் அச்செயலி எவற்றைத் திரட்டும்? முதியவரின் பெயர், முகவரி, நோய், அவர் வீட்டில் இல்லாத நாள், நேரம். வெற்று வீட்டைத் தேடும் திருடனுக்கும், வதிவுரிமை முடிவாகாத அகதியைத் தேடும் அதிகாரிக்கும் இதைவிடச் சிறந்த பட்டியல் கிடைக்குமா?

அதற்காகச் செயலியே வேண்டாம் என்பது எமது வாதமன்று. தேவையைப் போட்டி அரங்கில் ஊகிக்காது, முதியோரிடமே முன்கூட்டிக் கேட்டறிதல் வேண்டும். தொலைபேசி எண் ஒன்றே போதுமெனில் நோயின் பெயர் எதற்கு? பயணம் முடிந்ததும் பதிவு அழிக்கப்படுதல் வேண்டும். செயலியைப் பொறுப்பேற்க ஒரு தமிழ்ப் பள்ளியோ முதியோர் மன்றமோ முன்வராவிடின், உண்மையான பெயர் ஒன்றுகூட அதில் ஏறலாகாது. மாதிரியோடு நிறுத்திப் பரிசை வாங்கிக்கொள்ளட்டும், அதில் இழுக்கில்லை.

தரவுப் பாதுகாப்பைத் தொழிலாகக் கொண்ட பெற்றோர் எம்மிடையே பலர் உளர். அலுவலகத்தில் நாள்தோறும் கேட்கும் கேள்விகளை அவர்கள் வீட்டில் பிள்ளைகளிடமும் கேட்கவேண்டும். போட்டி நடுவர்களும் செயலியின் அழகையும் வேகத்தையும் அளப்பதோடு, 'இப்பட்டியல் அடுத்த ஆண்டு எவர் கையில் இருக்கும்?' என வினவுதல் நன்று. விடை கூறமுடியாத குழு எத்துணை திறமை வாய்ந்ததாயினும், அதன் பணி இன்னும் முடிவுறவில்லை என்றே கொள்ளவேண்டும்.