தண்டவாளத்தின் ஓரம்: சைக்கிளில் போனவர்கள்

சென்ற இதழில் இப்பகுதியின் வாயிலாக அன்பர்களிடம் ஒரு சிறு கேள்வி கேட்டிருந்தோம். கடந்த ஓராண்டில் தாங்கள் சைக்கிளில் சென்று வந்தவற்றுள் மறக்கவொண்ணாத பயணம் எது என்பதே அக்கேள்வி. ரயில்வே குமாஸ்தாவுக்குச் சைக்கிளைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று நம் அலுவலக நண்பர் ஒருவர் நகைத்தார். இல்லத்திலிருந்து கல்யாண் நிலையம் வரையில் சைக்கிளிலும், அதற்கு மேல் மின்ரயிலிலும் நாள்தோறும் செல்பவர் நாம். நிலையத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் வண்டியைச் செருகி வைக்க ஒரு சாண் இடம் கிடைத்துவிட்டால் அன்றைய பொழுது நல்ல பொழுது என்று எண்ணும் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆகவே கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.

17 பேர் விடையளித்தனர். தபாலில் எழுதினோர் மூவரே. ஏனையோர் வாட்ஸ்அப்பில் குரலாகவே அனுப்பிவிட்டனர். அவற்றைக் கேட்டு எழுத்தில் இறக்க நமக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின. எல்லாவற்றையும் இங்கே தருவதற்கு இடமில்லை. விடுபட்டோர் பொறுத்தருள வேண்டும்.

முதலில் வந்தது ஐரோலியில் கணிப்பொறி நிறுவனமொன்றில் பணிபுரியும் இளைஞரின் குரல். சேலத்துக்காரர். கல்யாணிலிருந்து விடியற்காலை 4 மணிக்குப் புறப்பட்டு, பத்லாப்பூர், கர்ஜத் வழியாகக் கோப்போலியை அடைந்து, அங்கிருந்து பழைய பம்பாய்–பூனா சாலையில் கண்டாலா மலையில் ஏறியிருக்கிறார். விரைவுச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பழைய பாதையே கதி.

இம்மலையைப் பற்றி ரயில்வேக்காரன் ஒருவன் பேசாமல் கடந்துபோவது பாவம். இங்கே ரயில் ஏறத் தொடங்கியது 1863-ல். வேலையை ஏற்றுக்கொண்ட டிரெட்வெல் என்ற குத்தகைக்காரர் 1859-ல் இந்தியா வந்த சிறிது காலத்திலேயே மாண்டுபோக, அவர் மனைவி ஆலிஸ் அம்மையார் அக்குத்தகையைத் தாமே ஏற்று நடத்தினார். உயிரிழந்த கூலியாட்களுக்கோ கணக்கில்லை. 37 அடி சென்றால் 1 அடி உயரும் அந்த ஏற்றத்தில், இன்றும் பெரும்பாலான விரைவு வண்டிகள் கர்ஜத்தில் நின்று, பின்னாலிருந்து தள்ளுவதற்கு வேறு எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டுதான் மேலே செல்கின்றன.

நம் இளைஞருக்குத் தள்ளு எஞ்சின் கிடையாது. மூன்றாவது வளைவில் மூச்சு முட்டி இறங்கிவிட்டார். தள்ளிக்கொண்டே சென்று சிங்ரோபா கோயிலருகே உட்கார்ந்தார். சிங்ரோபா என்பவர் ஆட்டிடையர். வழி தெரியாமல் திகைத்த வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு இம்மலையில் தடம் காட்டியவர் என்பது அப்பகுதி வழக்கு. லாரிக்காரர்கள் அவருக்கு நாணயம் வீசிவிட்டே மலையேறுவார்கள். அவ்வாறு வீசுவதற்காக வேகம் குறைத்த நாமக்கல் லாரி ஒன்று, நம் இளைஞரைக் கண்டு ஓரங்கட்டி நின்றது. பையிலிருந்த தமிழ் எழுத்தைப் பார்த்திருக்கிறார் டிரைவர்.

“ஏன் தம்பி, கம்பெனியில பஸ் விடலையா?”

“இல்லண்ணே, லீவுதான். சும்மா மலை ஏறலாம்னு வந்தேன்.”

“சும்மாவா?” என்று கேட்ட டிரைவர், அதையே கிளீனரிடமும் திருப்பிச் சொல்லி வியந்தாராம். பிறகு தூக்குப் பாத்திரத்தைத் திறந்து தயிர்ச்சோற்றில் பாதியைக் கொடுத்துவிட்டுப் போனாராம். லோணாவளாவின் உச்சியிலிருந்து கண்ட காட்சியைப் பற்றி இளைஞர் இரண்டே வாக்கியம் பேசினார். டிரைவரைப் பற்றிப் பேசியது நான்கு நிமிடம்.

இன்னோர் அன்பர் 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் ஓட்டி முடித்துப் பதக்கம் பெற்றிருக்கிறார். பாராட்டுகிறோம். அவர் அனுப்பியதில் எண்களைத் தவிர வேறொன்றும் இல்லாதபடியால் மேலே செல்கிறோம்.

நிற்க. இந்நகரில் சைக்கிள்காரனுக்குப் பெரும் பாலம் எதுவும் திறந்ததில்லை. 2009-ல் திறந்த பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்திலும், 2024 ஜனவரியில் திறந்த, ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சேதுவிலும் அவனுக்கு இடமில்லை. கடலுக்கு மேல் போகட்டும், கரையிலாவது ஓரிரண்டு முழம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்த்தால், ஒதுக்கிய இடத்தில் மோட்டார்கள் நிற்கின்றன. ஆயினும் விடியற்காலையில் இந்நகருக்குப் பாலும் பத்திரிகையும் இட்லியும் சைக்கிளில்தான் வருகின்றன.

இட்லி என்றதும் தாராவி அண்ணாச்சியின் நினைவு வருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, 27 ஆண்டுகளாக இட்லி விற்பவர். பின் கேரியரில் அலுமினியப் பாத்திரம், முன்னால் சட்னி வாளி, கைப்பிடியில் ரப்பர் ஹாரன். காலை 5 மணிக்கெல்லாம் புறப்பட்டு சயான், மாட்டுங்கா, வடாலா என்று சுற்றி 10 மணிக்கு வீடு திரும்புவார். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் அவர் கிங்ஸ் சர்க்கிளை அடையுமுன் சக்கரத்தின் அச்சு வரையில் தண்ணீர். 2005 ஜூலை 26-ல் சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்த பெருமழையை நேரில் கண்டவராதலால் அவர் அஞ்சவில்லை. வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு சயான் நிலையத்தின் மேட்டுக்கு வந்துவிட்டார்.

அங்கே ரயில் நின்றுபோய், இரவுப் பணி முடிந்தவர்களும் காலைப் பணிக்குப் போகிறவர்களுமாகக் கூட்டம். அண்ணாச்சியிடம் ஏறத்தாழ 200 இட்லி. பக்கத்தில் ஒரு கடையில் பிஸ்கோத்துப் பொட்டலம் இரட்டை விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி வழக்கமான விலைக்கே கொடுத்தார். சிக்கல் அதனால் வரவில்லை. இக்காலத்தில் யார் கையிலும் சில்லறை இருப்பதில்லையல்லவா? எல்லோரும் கைபேசியை எடுத்தார்கள். கைபேசியில் தொடர்பு அறுந்து கிடந்தது. 11 பேர் சாப்பிட்டுவிட்டுத் திகைத்து நின்றனர்.

“நாளைக்குக் குடுங்க” என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

“முகம் தெரியாதவர்கள் ஆயிற்றே, பெயராவது எழுதி வைத்தீர்களா?” என்று கேட்டோம்.

“பசிச்சு நிக்கற ஆளுகிட்டப் பேரு கேட்கவா முடியும் அண்ணாச்சி? அது போலீசு வேலைல்லா” என்றார்.

அந்த வாரத்திற்குள் 8 பேர் தேடிவந்து கொடுத்திருக்கின்றனர். ஒருவர் இரண்டு மாதம் கழித்து, ஹாரன் சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடிவந்து கொடுத்தார். இன்னொருவர் தீபாவளிக்கு மறுநாள். மீதமிருக்கும் ஒருவரைப் பற்றிக் கேட்டால், “ஊருக்குப் போயிருப்பாரு, வருவாரு” என்கிறார்.

இனி, இவ்விதழின் இப்பக்கத்தை நம் இல்லத்திலேயே ஒரு வழக்காக மாற்றிய குரலுக்கு வருகிறோம். அனுப்பியவர் ஐம்பது வயதைக் கடந்த அம்மையார். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்தவர். திருமணமாகி 1996-ல் கல்யாணுக்கு வந்தவர். “தம்பி, நான் ரொம்ப தூரமெல்லாம் போகலை. சொல்லலாமா?” என்று தயக்கத்தோடு தொடங்கினார்.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியதை நம்மில் மூத்தோர் அறிவர். அப்பொழுது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களுமாக ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் கற்றனர். பெண்களுக்கென்று செய்த வண்டி போதிய அளவு கிடைக்காமல் ஆண்கள் ஓட்டும் கம்பி வைத்த வண்டியிலேயே பழகினர். பலர் பின்னர் அதையே விரும்பினர். குழந்தையை அக்கம்பியின் மேல் உட்கார வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

நம் அம்மையார் 1992-ல் தம் பதினேழாம் வயதில் அவ்வாறு பழகியவர். கல்யாணுக்கு வந்தபின் 28 ஆண்டுகள் சைக்கிளைத் தொடவே இல்லை. யாரும் தடுக்கவில்லையாம், யாரும் கேட்கவும் இல்லையாம். சென்ற ஆண்டு சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொன்னார் மருத்துவர். மகன் விட்டுச்சென்ற பழைய சைக்கிள் மாடிப்படியின் கீழ்த் தூசியடைந்து கிடந்தது. காற்றடித்து, ஒரு வாரம் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். எட்டாம் நாள் விடியற்காலையில் எவரிடமும் சொல்லாமல் புறப்பட்டு, ஷஹாட், அம்பிவலி கடந்து திட்வாலா விநாயகர் கோயிலுக்கே போய்விட்டார். ரயில் வழியில் அது 10 கிலோமீட்டர்; சாலையில் சற்றுக் கூடுதல். பிரிந்த துஷ்யந்தனைச் சேர வேண்டிச் சகுந்தலை வழிபட்ட தலம் என்று அக்கோயிலுக்கு ஐதிகம். அம்மையார் வேண்டிக்கொண்டது திரும்பும் வழியில் டயர் வெடிக்கக் கூடாது என்பது ஒன்றே.

வீட்டு வாயிலில் கணவர் நின்றிருந்தார்.

“எங்கே போயிட்ட?”

“திட்வாலா.”

“வண்டியிலயா?”

“ஆமாம், வண்டியிலதான்.”

நம்மூர்க்காரர்களுக்கு வண்டி என்றால் ரயில். கணவர் அவ்வாறே எண்ணி உள்ளே போய்விட்டார். சுவரில் சாய்த்த சைக்கிளை அவர் கண்டது மாலையில்தானாம்.

இந்தக் குரலை நாம் எழுத்தில் இறக்கிக்கொண்டிருந்தபொழுது, அருகில் அமர்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த நம் இல்லாள் தலை நிமிராமலே சொன்னார்: “அவங்க ஓட்டினது கம்பி வச்ச வண்டி. எனக்குக் கம்பி இல்லாதது குடுத்தாங்க.”

விளங்கவில்லை. யார் கொடுத்தார்கள் என்று கேட்டோம். அரசாங்கம் என்றார். 2005-ல் விழுப்புரத்துக்கு அருகே அரசுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் சேர்ந்தபொழுது கிடைத்த விலையில்லாச் சைக்கிளில், வீட்டிலிருந்து 7 கிலோமீட்டர் இரண்டாண்டுகள் சென்று வந்திருக்கிறார். திருமணத்தின்போது அதைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மணமாகி 15 ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் வாழ்கிறோம். இச்செய்தியை அன்றுதான் அறிந்தோம். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “நீங்க கேட்கலையே” என்றார்.

அதோடு நின்றிருந்தால் இப்பகுதியை இங்கேயே முடித்திருப்போம். ஆனால், ஒன்பதாம் வகுப்பில் பயிலும் நம் மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்று ஓராண்டாகக் கேட்டுவருகிறாள், நாம் மறுத்துவருகிறோம். பள்ளி 3 கிலோமீட்டர். சாலையின் இலட்சணத்தை அன்பர்கள் அறிவீர்கள். மூன்றாண்டுகளுக்கு முன் மழைநீர் மூடிய பள்ளமொன்றில் நாமே விழுந்து, இடது மணிக்கட்டில் இரண்டு திருகாணிகளோடு மீண்டோம். பெற்ற பெண்ணை அதே சாலையில் எவ்வாறு அனுப்புவது?

இதை இல்லாளிடம் மறுபடியும் எடுத்துச் சொன்னோம். அவர் அவரைக்காயை ஒதுக்கி வைத்தார்.

“நீங்க விழுந்தீங்க. கட்டுப் பிரிச்ச மறுநாளே அதே வழியில சைக்கிள்லதானே போனீங்க?”

அலுவலகம் போகாமல் இருக்க முடியுமா என்றோம். அவளும் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க முடியாது என்றார். மற்றொரு நாளானால் குரலை உயர்த்தியிருப்போம். அந்த அம்மையாரின் குரல் இன்னும் கைபேசியில் பாதியில் நின்றது. அவர் எதிரில் இருப்பதுபோல் ஒரு கூச்சம். நமது அச்சம் பொய்யல்ல. அப்பள்ளம் இன்றும் மூடப்படவில்லை. ஆயினும் அந்த அச்சம் நம்மைத் தடுக்காமல் மகளை மட்டும் ஏன் தடுத்தது என்பதற்கு அன்று விடை கூற இயலவில்லை.

உடன் வேலை செய்யும் ஒருவரின் மகள் கல்லூரிக்குப் போய்விட்டபடியால் அவள் சைக்கிள் பாதி விலைக்குக் கிடைத்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ரயில்வே மைதானத்தில் பழக்கம். கற்பித்தவர் தாயார், பக்கத்தில் நின்று, பிரேக்கைப் பற்றி யோசனை சொல்ல மட்டும் நமக்கு அனுமதி. பெருஞ்சாலையைத் தவிர்த்துக் குடியிருப்பின் பின்புறச் சந்து வழியே போவது, நாற்சந்தியில் இறங்கித் தள்ளிக்கொண்டே கடப்பது, தண்ணீர் தேங்கிய இடத்தில் சக்கரத்தை இறக்காமல் இருப்பது என்று மூன்று நிபந்தனைகள் விதித்தோம். மூன்றாவதை நம் மணிக்கட்டைக் காட்டி விளக்கினோம்.

இம்மாதம் முதல் திங்கட்கிழமை வெள்ளோட்டம். பின்னால் துணைக்குச் செல்லக் கால்சட்டையின் ஓரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஆயத்தமானோம். “அப்பா, நீங்க வந்தா எல்லாரும் சிரிப்பாங்க” என்றாள் மகள். நாம் விவாதித்துக்கொண்டிருக்கையில் இல்லாள் சுடிதார் அணிந்து படியிறங்கி வந்து, நம் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டார். நம்முடையது கம்பி வைத்த வண்டி. ஒருமுறை தடுமாறினார், பிறகு இருவரும் சந்தின் வளைவில் மறைந்தனர்.

நாம் நிலையத்துக்கு நடந்தோம். சைக்கிள் எங்கே என்று நிறுத்தத்துக்காரர் மராத்தியில் வினவினார். வீட்டில் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்றோம். வழக்கமான வண்டி போய்விட்டது. அடுத்ததில் ஏறி, அது டோம்பிவலியைக் கடக்கையில் செய்தி வந்தது: “உள்ளே போயிட்டா. நான் மார்க்கெட் வழியா வர்றேன்.”