மாற்று முகம்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. முகத்தையே இழந்தவர் தம் அகத்தை எங்ஙனம் காட்டுவார்? இவ்வினாவிற்கு இக்கால ரண வைத்தியர் அளித்துள்ள விடையைக் குறித்துச் சிறிது சிந்திப்போமாக.

பிரான்சு தேசத்து அமியான் நகரில், வளர்ப்பு நாய் கடித்து மூக்கும் உதடுகளும் மோவாயும் இழந்த இசபெல் தினுவார் என்னும் மாதுக்கு, மூளை செயலற்று மாண்ட வேறொரு மாதின் அவ்வுறுப்புக்களை 2005ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பொருத்தினர். உலகில் இத்தகைய சிகிச்சை அதுவே முதலாவது. சில திங்களில் தொட்டால் உணரும் தன்மை மீண்டது. ஓராண்டிற்குள் உதடுகள் ஒன்றோடொன்று பொருந்தின.

"இஃது அழகின்மேல் எழுந்த ஆசையன்றோ? உயிருக்கு இடரில்லாதவரை இடரில் ஆழ்த்தலாமோ?" என்பர் சிலர். இடர் பெரிதென்பது மெய்யே. அயலாருடைய உறுப்பை, அதிலும் சிறப்பாகத் தோலை, உடல் பகையெனக் கருதித் தள்ள முயலும். அதனைத் தடுக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுதும் உட்கொள்ளல் வேண்டும். அவையோ உடலின் காவலைத் தளர்த்தித் தொற்றுநோய்க்கும் புற்றுநோய்க்கும் வழி திறப்பன. தினுவார் அம்மையாரும் பொருத்திய உதடுகளின் பயனை ஓரளவு இழந்து, புற்றுநோயுமுற்று, 2016ஆம் ஆண்டில் தமது 49ஆம் வயதில் காலமாயினர்.

எனினும் இதனை அழகாசை என்பாரோடு நாம் உடன்படோம். உண்ணல், பருகல், பேசல், முறுவலித்தல் யாவும் முகத்தின் தொழில்கள். உயிரோடிருத்தல் வேறு, மக்களிடையே வாழ்தல் வேறு.

ஆயின், நோயாளியின் இசைவைப் பெற்றோம் என்று வைத்தியர் அமைந்துவிடலாகாது. பெருந்துயருற்றோர் எதற்கும் இசைவர். தோல்வியுறின் நேர்வது யாதென்பதையும் அவர்க்கு ஒளியாது உரைத்தல் கடன். சிறுநீரகம் பழுதுறின் இரத்தத்தைச் சுத்தி செய்யும் இயந்திரமேனும் உண்டு. முகம் பழுதுறின் என் செய்வது? பாரிசு நகரை அடுத்த ஊரொன்றில் 2010ஆம் ஆண்டு மாற்று முகம் பெற்ற ஒருவர், அது கெட்டு 2017 நவம்பரில் நீக்கப்படவே, 2018 ஜனவரியில் மற்றொரு முகம் கிடைக்குமளவும் ஏறத்தாழ இரண்டு திங்கள் முகமின்றியே கிடந்தனர்.

மாண்டவரின் சுற்றத்தாரையும் மறத்தலாகாது. சிறுநீரகம் ஈந்தோர் முகமும் ஈவர் என்று கொள்ளாது, அதனைத் தனியே கேட்டுப் பெறுதல் வேண்டும். இவ்விரண்டும் செவ்வனே நிகழுமாயின் இச்சிகிச்சை தக்கதே என்பது நம் துணிபு.

நம் மாணவருள் வைத்தியராவார் சிலரே. ஏனையோரும் செய்யத்தக்கதொரு சிகிச்சை உண்டு. முகம் சிதைந்தாரைக் காணுங்கால் நம் முகத்தைத் திருப்பாதிருத்தலே அது. அதற்குக் கத்தியும் வேண்டா, மருந்தும் வேண்டா.