வீட்டுப் பாடத்துக்கு எத்தனை கட்டுப்பாடு?

மும்பையில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் நம் குழந்தைகளுக்கு வீடுதான் தமிழ்ப் பள்ளி. அந்தப் பள்ளியை நாம் எப்படி நடத்துகிறோம்?

நம்மிடையே இரண்டு வகை வீடுகளைக் காண்கிறோம். ஒன்றில், வேலை முடிந்து களைத்து வரும் தந்தை, ஐந்து வயதுக் குழந்தையை உட்காரவைத்து 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதச் சொல்கிறார். கையில் பிரம்பு. மூன்றாம் வாரமே தமிழ் என்றால் குழந்தைக்கு அழுகை வருகிறது. மற்றொன்றில், "தாய்மொழிதானே, தானாக வரும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஊரிலிருந்து ஆச்சி தொலைபேசியில் பேசினால், பேரன் இந்தியில் பதில் சொல்கிறான்.

இரண்டும் தவறு என்பதே நம் கருத்து. கட்டுப்பாடு வேண்டும், ஆனால் அது முதலில் பெற்றோருக்கு வேண்டும். நாள்தோறும் இருபது நிமிடம், ஒரே நேரத்தில், குழந்தையோடு உட்காருவோம். அந்த நேரத்தில் என்ன படிப்பது என்பதைக் குழந்தையின் ஆர்வம் முடிவு செய்யட்டும். ஒரு நாள் கதை, மறுநாள் கடைப் பலகை, அடுத்த நாள் மளிகைப் பட்டியல்.

247 என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டாம். 12 உயிரும் 18 மெய்யும் துணைக்குறிகளும் பிடிபட்டால் பெரும்பகுதி முடிந்தது. உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் கூடுதல் பழக்கம் தேவை. பெரியார் வற்புறுத்திய எழுத்துச் சீர்திருத்தம் 1978இல் அரசாணையாகி, குழந்தையின் சுமையை மேலும் குறைத்தது. ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் போதும். 'படம்', 'மடம்' என்று முதல் நாளே குழந்தை படித்துவிடும். வாசிப்பு முதலில் வரட்டும். பிஞ்சு விரல்கள் தரையில் சுண்ணக்கட்டியால் கிறுக்கிப் பழகிய பின் ஏட்டில் எழுதட்டும்.

இது புதுமையான யோசனையும் அல்ல. 1920இல் பாவ்நகரில் குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய கிஜுபாய் பதேகா, அடியையும் மனப்பாடத்தையும் ஒதுக்கிவிட்டு, கதையையும் விளையாட்டையும் கல்வியாக்கினார்.

ஒன்றை மறக்கவேண்டாம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்று அரசமைப்பின் 350-ஏ பிரிவு 1956 முதல் சொல்லிவருகிறது. நம் வீட்டுப் பாடம் அந்தக் கடமைக்கு மாற்று ஆகாது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளுக்காகத் தொடர்ந்து குரல் கொடுப்போம்.

ஆனால் அரசு அசையும்வரை குழந்தையின் வயது காத்திருக்காது. தோழர்களே, இன்றிரவே கைப்பேசியை இருபது நிமிடம் ஒதுக்கி வையுங்கள்!